கணக்கு முடிக்கிற நாளில் கைகொடுக்குமா? கடையில் விற்கும் லீவு ரிஜிஸ்டர்

திருநெல்வேலியில் பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கமோ ஜங்ஷன் பக்கமோ, பில் புக்கும் கணக்கு நோட்டும் விற்கிற ஸ்டேஷனரி கடையில் போய் "லீவு ரிஜிஸ்டர் இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டால், மஸ்டர் ரோல் என்கிற வருகைப் பதிவேட்டுக்கும் சம்பளப் பட்டியலுக்கும் நடுவிலிருந்து ஒரு நோட்டை உருவிக் கொடுப்பார்கள். அகலமான நோட்டு, தடித்த அட்டை, துணி ஒட்டிய முதுகு. உள்ளே பக்கத்துக்குப் பக்கம் ஒரே படிவம், பெரும்பாலும் ஆங்கிலத்தில். அச்சகம் மாறினாலும் கட்டங்கள் மாறுவதில்லை. தொழிற்சாலைகள் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் உள்ள "சம்பளத்துடன் கூடிய விடுப்பு" படிவத்தை அப்படியே எடுத்து அச்சிடுகிறார்கள். ஆகவே அச்சகத்தின் பெயரைச் சொல்லி ஆகப்போவது ஒன்றும் இல்லை. அரிசி ஆலை, நூல் ஆலை, பேட்டைப் பக்கத்துப் பட்டறை, ஜவுளிக்கடை என்று எல்லோரும் வாங்குவது இதைத்தான்.

இந்த நோட்டை ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான் எடை போட வேண்டும். ஒரு தொழிலாளி வேலையை விட்டு நிற்கிற அன்று, அவர் எடுக்காமல் விட்ட லீவுக்கு எத்தனை ரூபாய் என்று இதைத் திறந்து பத்து நிமிடத்தில் சொல்ல முடியுமா? தாள் வழவழப்பு, பைண்டிங் எல்லாம் அதற்குப் பிறகு.

கணக்கு முடிக்கும்போது சம்பள பாக்கியை யாரும் மறப்பதில்லை. தீபாவளி போனஸும் பேச்சில் வந்துவிடும். பி.எஃப். பணத்துக்கு போனில் குறுஞ்செய்தி வருகிறது. சத்தமில்லாமல் விட்டுப்போவது லீவுச் சம்பளம் ஒன்றுதான். அதைப் பெரும்பாலும் யாரும் திட்டம் போட்டு மறைப்பதில்லை. வருஷம் முழுக்க நோட்டில் ஒழுங்காக எழுதாததால், கடைசி நாளில் எண்ணிக் காட்ட எதுவும் இருப்பதில்லை.

நோட்டைத் திறப்போம். ஒரு தொழிலாளிக்கு ஒரு பக்கம். தலைப்பில் பெயர், தகப்பனார் பெயர், சேர்ந்த தேதி. அதே தலைப்பில் இன்னும் இரண்டு கோடு உண்டு: ஒன்று வேலை நீங்கிய தேதி, இன்னொன்று விடுப்புக்குப் பதிலாகக் கொடுத்த தொகையும் கொடுத்த தேதியும். முழு நோட்டும் அந்த இரண்டாவது கோட்டுக்காகத்தான் இருக்கிறது. வேலையை விட்டவரின் பக்கத்தில் அந்தக் கோடு வெறுமையாக இருந்தால், கணக்கு முடியவில்லை என்று எழுத்து மூலம் ஒப்புக்கொண்ட மாதிரி.

கீழே முதல் வரிசைக் கட்டங்கள் நாள் கணக்குக்கு. வேலை செய்த நாள், லே-ஆஃப் நாள் (கொடுக்க வேலை இல்லை என்று முதலாளி நிறுத்தி வைத்த நாள்), பேறுகால விடுப்பு, அனுபவித்த விடுப்பு, கடைசியில் மொத்தம். இங்கேதான் முதல் தவறு நடக்கும், இரண்டு விதமாகவும் நடக்கும். ஒருவர் ஒரு காலண்டர் ஆண்டில் 228 நாள் வேலை செய்திருக்கிறார், முந்தைய ஆண்டின் லீவில் 14 நாள் எடுத்திருக்கிறார். மொத்தக் கட்டத்தில் 242 வரும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டப்படி தகுதிக்கு 240 நாள் வேண்டியிருந்தது; இப்போது அது மாறியிருப்பதைக் கீழே பார்ப்போம். தகுதி பார்க்க 242-ஐ எடுக்க வேண்டும். லே-ஆஃப், பேறுகாலம், அனுபவித்த லீவு எல்லாம் அதற்காகத்தான் கூட்டப்படுகின்றன. ஆனால் லீவு விளைவது உண்மையில் வேலை செய்த நாளுக்கு மட்டும், 20 நாளுக்கு ஒன்று. 228-ஐ 20-ஆல் வகுத்தால் 11.4. பாதிக்குக் குறைந்த பின்னம் தள்ளுபடி, ஆகவே 11 நாள். மொத்தத்தை வகுத்தால் 12 என்று ஒரு நாள் கூடுதலாக வரும், அது சின்னத் தவறு. பெரிய தவறு மறுபக்கம் இருக்கிறது: "228 தான வந்திருக்கு, 240 ஆகல, லீவே கிடையாது" என்று சொல்லிவிடுவது. அதில் 11 நாளும் போகும். நோட்டில் இந்த இரண்டு கட்டத்துக்கும் நடுவே ஒரு தடித்த கோடாவது போட்டிருந்தால் பாதிப் பிழை குறையும். அச்சிடுகிறவர்கள் போடவில்லை. வாங்கியவர்கள் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்துக்கொள்ளலாம்.

இந்த 240-ஐப் பற்றி இன்னொன்று. 2025 நவம்பர் 21 முதல், பழைய தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலாக வந்த நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களும் நடைமுறைக்கு வருவதாக மத்திய அரசு அறிவித்தது. அவற்றில் பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம், பணி நிலைமைகள் பற்றிய 2020-ஆம் ஆண்டுத் தொகுப்பின் 32-ஆம் பிரிவுதான் இப்போது லீவுக்கானது. அதில் தகுதி 180 நாளாகக் குறைந்திருக்கிறது. 20-க்கு ஒன்று என்பது அப்படியே இருக்கிறது. தகுதி பார்க்கும்போது கூட்டிக்கொள்ளும் பேறுகால விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்திருக்கிறது. புதிய விதிகள் நடைமுறைக்கு வரும்வரை பழைய விதிகளும் பதிவேடுகளும் தொடரும் என்பதால், அதுவரை பழைய படிவ நோட்டை வாங்குவதில் தவறில்லை. ஆனால் பழைய எண்ணை மனதில் வைத்துக்கொண்டு எழுதினால், ஆறேழு மாதம் ஓடியாடி வேலை பார்த்தவருக்கு லீவு இல்லை என்று பக்கம் சொல்லும். பழைய ஸ்டாக்காக இருந்தால் முதல் பக்கத்திலேயே 180 என்று எழுதி, பொறுப்பானவர் கையெழுத்தும் தேதியும் போட்டு வைப்பது நல்லது.

இரண்டாவது வரிசைதான் கைகொடுப்பது: முந்தைய ஆண்டிலிருந்து வந்த பாக்கி, இந்த ஆண்டு விளைந்தது, மொத்தம், எடுத்தது, மீதி. ஓர் ஆளின் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். முதல் ஆண்டு 268 நாள் வேலை. 13.4 வரும், 13 நாள். மறு ஆண்டில் அதில் 5 நாள் எடுத்தார், 8 மீதி. அந்த இரண்டாம் ஆண்டில் 275 நாள் வேலை. 13.75 வரும், பாதியோ அதற்கு மேலோ இருந்தால் முழு நாள், ஆகவே 14. மூன்றாம் ஆண்டு ஜனவரி முதல் தேதி கையில் 22 நாள். ஜூன் கடைசியில் வேலையை விடுகிறார். அதுவரை அந்த ஆண்டில் 130 நாள் வேலை, எடுத்த லீவு 3. அந்த 130 நாளுக்கும் லீவு உண்டு. தகுதி நாள் நிரம்பாவிட்டாலும், விலகினாலும் விலக்கப்பட்டாலும் ஓய்வு பெற்றாலும் இறந்தாலும், அந்த ஆண்டு வேலை செய்த நாளுக்கு அதே விகிதத்தில் கணக்கிட வேண்டும் என்று தொழிற்சாலைகள் சட்டத்தின் 79(3)-ஆம் பிரிவு சொன்னது, புதிய தொகுப்பும் அதையே வைத்திருக்கிறது. 130-ஐ 20-ஆல் வகுத்தால் 6.5, சரியாகப் பாதி, ஆகவே 7. ஆக 22-ம் 7-ம் 29, எடுத்த 3 போக 26 நாள்.

இனி ஒரு நாள் விலை. மூன்றாவது வரிசைக் கட்டங்கள் இதற்கு: சாதாரண ஊதிய விகிதம், சலுகை விலைத் தானியத்தின் பண மதிப்பு, லீவு காலத்து ஊதிய விகிதம். தானியக் கட்டம் இன்று பெரும்பாலான இடத்தில் காலியாகவே இருக்கும், அதில் குற்றமில்லை. தினக்கூலிக் கணக்கில்தான் சண்டை வரும். பழைய சட்டத்தின் 80-ஆம் பிரிவு, முந்தைய மாதத்தில் உண்மையில் வேலை செய்த நாட்களின் சராசரியை எடுக்கச் சொன்னது. பஞ்சப்படி சேரும், ஓவர்டைமும் போனஸும் சேராது. மாதம் 26 நாள் வேலைக்கு 15,600 ரூபாய் என்றால் நாளுக்கு 600. இதே ஆள் விடுவதற்கு முந்தைய மாதம் 20 நாள்தான் வந்து 12,000 வாங்கியிருந்தாலும் நாளுக்கு 600-தான். 12,000-ஐ 26-ஆல் வகுத்து 461 ரூபாய் 54 காசு என்று எழுதுவது தவறு. 15,600-ஐ 30-ஆல் வகுத்து 520 என்று எழுதுவதும் அதே தவறின் இன்னொரு முகம்; வாராந்திர விடுமுறைக்குச் சம்பளம் கொடுக்காமல், வகுக்கும்போது மட்டும் அந்த நாட்களையும் சேர்ப்பது.

26 நாளை 600-ஆல் பெருக்கினால் 15,600. சரியாக ஒரு மாதச் சம்பளம். நடப்பு ஆண்டின் 7 நாளை விட்டுவிட்டு, 30-ஆலும் வகுத்தால் 19 பெருக்கல் 520, அதாவது 9,880. ஒரே ஆள், ஒரே பக்கம், 5,720 ரூபாய் வித்தியாசம். வண்ணாரப்பேட்டையில் வாடகை வீட்டில் இருக்கிறவருக்கு இது சில்லறை இல்லை.

புதிய ஊதியத் தொகுப்பில் "ஊதியம்" என்பதன் பொருள் மாறியிருப்பதையும் இந்தக் கட்டத்தை நிரப்பும்போது மறக்கக் கூடாது. அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, ரீட்டெயினிங் அலவன்ஸ் (வேலை இல்லாத காலத்திலும் ஆளைத் தக்கவைக்கக் கொடுக்கும் படி) மூன்றும் ஊதியம். வீட்டு வாடகைப் படி, பயணப் படி போன்றவை விலக்கு. ஆனால் விலக்குகள் எல்லாம் சேர்ந்து மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியத்தோடு சேர்ந்துவிடும். 15,600-ல் அடிப்படையை 5,000 என்று காட்டி, மீதியைப் படிகளாகப் பிரித்து எழுதினாலும் ஊதியம் 7,800-க்குக் கீழே போகாது. நோட்டில் இந்தப் பிரிப்புக்கு இடமே இல்லை, ஒரே ஒரு கட்டம்தான். சம்பளப் பட்டியலின் பக்க எண்ணை அங்கே குறித்து வைத்தால் பின்னால் தேட வேண்டியிருக்காது.

இனி, இந்த நோட்டிலேயே மிகவும் பெறுமதியான கட்டம். மெலிந்த கட்டம், தலைப்பு நீளமாக இருப்பதால் எழுத்தைப் பொடியாக்கி அடித்திருப்பார்கள், கண்ணாடி போட்டால்தான் படிக்க முடியும். விடுப்பு மறுக்கப்பட்டதா என்று கேட்கிற கட்டம் அது. பெரும்பாலான நோட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரு நீளக் கோடு போட்டு விட்டிருப்பார்கள், அல்லது வரிக்கு வரி "இல்லை" என்று எழுதியிருப்பார்கள்.

அந்தக் கட்டம் ஏன் முக்கியம்? எடுக்காத லீவு அடுத்த ஆண்டுக்கு 30 நாள் வரைதான் போகும். ஆனால் முறையாகக் கேட்டு, கொடுக்காமல் மறுத்த லீவுக்கு அந்த 30 என்ற வரம்பே கிடையாது. நாலு வருஷம் தேர்ச் சமயத்திலும் தீபாவளிச் சமயத்திலும் "இப்ப ஆள் இல்ல, பிறகு பாப்போம்" என்று கேட்டவரைத் திருப்பி அனுப்பியிருந்தால், அந்த நாட்கள் எல்லாம் அவர் பெயரில் நிற்கின்றன. கட்டத்தில் "இல்லை" என்று எழுதியிருந்தால் 30-க்கு மேற்பட்டது காகிதத்தில் காணாமல் போகும். தொழிலாளி வாயால் கேட்டதற்கும் மேஸ்திரி வாயால் மறுத்ததற்கும் இந்த நோட்டைத் தவிர வேறு சாட்சி இருக்காது. லீவு விண்ணப்பத்தை 15 நாள் முன்பே எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று பழைய சட்டம் சொன்னதால், ஒரு நகலில் வாங்கியவர் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது தொழிலாளியின் பக்கம். தேதி தெரிகிற வாட்ஸ்அப் செய்தியும் ஒன்றுமில்லாததற்கு மேல்.

ஜவுளிக்கடை, நகைக்கடை, பலசரக்குக் கடைக்கு இந்த நோட்டை வாங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் இது அவர்களுக்காக அச்சிட்டது அல்ல. கடைகளுக்கு 1947-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். அதன் 25-ஆம் பிரிவில் 20-க்கு ஒன்று என்கிற கணக்கே கிடையாது. தொடர்ந்து 12 மாதம் வேலை பார்த்தால், அடுத்த 12 மாதத்தில் 12 நாள் சம்பளத்துடன் விடுமுறை. சேர்த்து வைத்தால் அதிகபட்சம் 24 நாள். இது போக உடம்புக்கு முடியாததற்கு 12, தக்க காரணத்துக்கு 12. பணமாகக் கணக்குத் தீர்க்கப் பொதுவாக வருவது முதலில் சொன்ன விடுமுறைதான். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, ஐந்து பண்டிகை நாள் ஆகிய ஒன்பதும் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனி. அவற்றை இந்தக் கணக்கில் கழிக்கக் கூடாது. ஓட்டல்களுக்கும் தனிச் சட்டம் உண்டு, இந்த நோட்டு அவர்களுக்குப் பொருந்தாது.

கடைச் சட்டத்தில்தான் அந்த மெலிந்த கட்டத்தின் முழு எடையும் தெரியும். முதலாளி ஆளை நிறுத்தினால், கொடுக்காத விடுமுறைக்குப் பணம் கொடுத்தாக வேண்டும். ஆளே வேலையை விட்டுப் போனால்? விடுமுறை கேட்டு, மறுக்கப்பட்டு, அதன் பிறகு விலகினால்தான் பணம் உண்டு என்று பிரிவு சொல்கிறது. வடக்கு ரத வீதியிலோ வள்ளியூர் பஜாரிலோ ஒரு கடையில் இப்படித்தான் பேச்சு நடக்கும்:

"அண்ணாச்சி, என் லீவுக் கணக்கு?"

"நீ லீவே கேக்கலையே தம்பி. கேட்டு நான் இல்லைன்னேனா?"

கேட்டிருப்பார். தங்கச்சி கல்யாணத்துக்குக் கேட்டிருப்பார், ஆடி மாசம் கோயில் கொடைக்குக் கேட்டிருப்பார். எழுத்தில் இல்லை. ஒரு கட்டத்தில் "கேட்டது 4 நாள், கொடுக்கவில்லை" என்று ஒரு வரி இருந்தால் அந்தப் பேச்சு அதோடு முடியும். அதனால் கடைக்காரர்கள் இந்த நோட்டை வாங்கினால், வேலை நாள் கட்டங்களை அப்படியே விட்டுவிட்டு, பாக்கிக் கட்டங்களையும் மறுப்புக் கட்டத்தையும் மட்டும் பயன்படுத்தலாம். அது போதும். நேர்மையான முதலாளிக்கும் இது பாதுகாப்பு: கேட்டபோதெல்லாம் கொடுத்திருந்தால் அதுவும் இங்கேதான் தெரியும்.

பீடித் தொழிலுக்கு இந்த நோட்டு ஆகவே ஆகாது. முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம் பக்கம் வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிற பெண்களுக்கும் 1966-ஆம் ஆண்டுப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் 20 நாளுக்கு ஒரு நாள் லீவு கொடுத்தது. வீட்டில் சுற்றுகிறவருக்கு "நாள்" என்றால் என்ன என்பதற்கும் அதில் விளக்கம் இருந்தது: நள்ளிரவிலிருந்து இருபத்துநான்கு மணி நேரத்தில் எவ்வளவு நேரம் சுற்றினாலும் அது ஒரு நாள். ஆனால் பீடிக் கணக்கு எழுதுகிற பாஸ் புத்தகத்தில் ஏறுவது பீடி ஒப்படைத்த தேதி. தினம் ஐந்நூறு சுற்றி, இரண்டு நாளுக்கு ஒரு முறை ஆயிரமாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறவருக்கு, பாஸ் புத்தக வரிகளை எண்ணினால் வேலை நாள் பாதியாகிவிடும், லீவும் பாதியாகும். இலையும் தூளும் வாங்கிய தேதி, பீடி கொடுத்த தேதி இரண்டையும் வைத்து நடுவில் உள்ள நாளையும் எண்ண வேண்டும். அதற்கான கட்டம் இந்தப் படிவத்தில் எங்கேயும் இல்லை.

"இந்தக் காலத்தில் நோட்டு எதற்கு, கம்ப்யூட்டரில் போடலாமே" என்பது நியாயமான கேள்வி. போடலாம். எக்ஸெலில் ஓர் ஆண்டின் வேலை நாளை 20-ஆல் வகுத்து ரவுண்ட் போட்டால் சட்டம் சொல்கிற விடையே வரும்: 6.5 ஏழாகும், 13.4 பதின்மூன்றாகும். இன்ட் போட்டால் பின்னம் எல்லாம் வெட்டுப்படும், அது தவறு. இதைவிடப் பெரிய ஆபத்து மாதா மாதம் ரவுண்ட் செய்வது. போனில் கிடைக்கிற வருகைப்பதிவு ஆப்களில், மாதத்துக்கு ஒரு லீவு என்று ஏற்றுகிற அமைப்பைப் போட்டு வைத்துவிட்டால் என்ன ஆகும்? மாதம் 26 நாள் வேலை பார்த்தால் 1.3, அது 1 ஆகிறது. பன்னிரண்டு மாதத்துக்கு 12. ஆனால் ஆண்டுக்கு 312 நாள்; 20-ஆல் வகுத்தால் 15.6, கிடைக்க வேண்டியது 16. நான்கு நாள், அதாவது நம் கணக்கில் 2,400 ரூபாய், யாருக்கும் தெரியாமல் வருஷா வருஷம் கரைகிறது. நோட்டில் ஆண்டுக்கு ஒரு முறைதான் வகுக்கிறோம் என்பதால் இந்தத் தவறு வராது. டாலி என்ற கணக்கு மென்பொருளில் சம்பளப் பகுதியை வைத்திருக்கிறவர்கள், சம்பளத்துடன் கூடிய லீவுக்கு ஒரு வருகை வகையும், கணக்கு முடிக்கும்போது கொடுக்கும் தொகைக்கு ஒரு தனி சம்பளத் தலைப்பும் வைத்துக்கொள்ள வேண்டும். அதை அடிப்படைச் சம்பளத்தோடு சேர்த்து ஏற்றினால் அதற்கும் பி.எஃப். பிடித்துவிடும். லீவைப் பணமாக்கிய தொகை பி.எஃப். கணக்கிடும் அடிப்படை ஊதியத்தில் வராது என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் சொல்லியிருக்கிறது.

என்றாலும் மறுப்பு விஷயத்தில் நோட்டுக்கு ஈடாக ஆப் எதையும் சொல்ல முடியாது. ஆப்பில் மறுத்த விண்ணப்பம் "ரிஜெக்ட்டட்" என்று கொஞ்ச நாள் தெரியும், பிறகு பட்டியலில் கீழே போய்விடும். வேலையை விட்ட அன்று அவருடைய லாகினையும் மூடிவிடுவார்கள். நோட்டில் எழுதிய வரி அங்கேயே இருக்கும்.

நோட்டில் குறை இல்லாமல் இல்லை. லீவைப் பணமாக்குவதற்குக் கட்டம் இல்லை. புதிய தொகுப்பின்படி ஆண்டு முடிவில் தொழிலாளி கேட்டால் லீவைப் பணமாக வாங்கிக்கொள்ளலாம், 30-க்கு மேற்பட்டதையும் பணமாக்கலாம். இப்படிக் கொடுத்ததைப் பலர் "அனுபவித்த விடுப்பு" கட்டத்தில் எழுதிவிடுவார்கள். அது போய் மொத்த நாளில் சேர்ந்து தகுதிக் கணக்கைக் கெடுக்கும். எழுதாமலே விட்டால், வேலையை விடும்போது அதே நாட்களுக்கு இன்னொரு முறை பணம் கேட்கலாம், தகராறு வரும். கடைசியில் உள்ள குறிப்புக் கட்டத்தை நடுவில் ஒரு கோடு போட்டுப் பிரித்து, இடது பக்கம் "பணம் கொடுத்த நாள்" என்று வைத்துக்கொள்வதுதான் வழி.

வாரிசுதாரர் பெயருக்கும் இடம் இல்லை. தொழிலாளி இறந்துபோனால் லீவுப் பணம் இரண்டு மாதத்துக்குள் வாரிசுக்கோ நாமினிக்கோ போய்ச் சேர வேண்டும். யாருக்கு என்று தெரியாமல் அந்த இரண்டு மாதமும் சான்றிதழ் தேடுவதிலேயே போகும். தலைப்பில் தகப்பனார் பெயருக்குப் பக்கத்தில் பி.எஃப். நாமினேஷனில் உள்ள பெயரையே எழுதி வையுங்கள்.

கணக்கு முடிப்புக்கான கெடுவும் எங்கும் அச்சில் இல்லை. விலகினாலும் நீக்கினாலும் இரண்டு வேலை நாளுக்குள் லீவுப் பணம் கொடுத்தாக வேண்டும். இது பழைய தொழிற்சாலைச் சட்டத்திலும் இருந்தது, புதிய தொகுப்புகளிலும் உண்டு. "அடுத்த ஏழாம் தேதி சம்பளத்தோட வந்து வாங்கிக்கோ" என்பது எத்தனையோ இடத்தில் வழக்கம், ஆனால் அது கெடு தாண்டிய கணக்கு. நோட்டீஸ் காலத்தில் லீவைக் கழிப்பதும் கூடாது. எடுக்காத லீவை வேலைநீக்க நோட்டீஸ் நாளோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது என்று தொழிற்சாலைகள் சட்டத்திலேயே தனியாகச் சொல்லியிருந்தது. பணம் வரவில்லை என்றால் ஊதியத் தொகுப்பின்படி மூன்று ஆண்டுக்குள் கோரிக்கை மனு கொடுக்கலாம். அப்போது அதிகாரி முதலில் கேட்பது இந்தப் பக்கத்தைத்தான்.

வருமான வரி நம் பக்கத்துத் தொழிலாளிகள் பலரைத் தொடாது, தொடுகிறவர்களுக்காக ஒரு வரி: வேலையை விடும்போது வாங்கும் லீவுப் பணத்துக்குத் தனியார் ஊழியருக்கும் 25 லட்சம் வரை விலக்கு உண்டு, 2023 ஏப்ரலிலிருந்து, வேலையில் இருக்கும்போதே வாங்கினால் முழுக்க வரிக்கு உட்பட்டது.

கையெழுத்துக் கட்டம் ஒன்று வேண்டும், அதுவும் இல்லை. அதனால்தான் தனியாக ஒரு வெள்ளைத்தாளில் "எல்லாக் கணக்கும் தீர்ந்தது" என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிற வழக்கம் நிற்கிறது. அதைவிட நோட்டின் பக்கத்திலேயே, நாள் எத்தனை, நாளுக்கு எத்தனை ரூபாய், மொத்தம் எத்தனை என்று மூன்று எண்ணையும் எழுதி அதன் கீழே கையெழுத்து வாங்குவது இரண்டு பேருக்கும் நல்லது. தொழிலாளி அந்தப் பக்கத்தைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டும். கொடுக்கத் தயங்க வேண்டிய எதுவும் அதில் இல்லை.

இனி தாளும் மையும். தாள் மெல்லியது, ஜெல் பேனா பின்பக்கம் ஊறும். அதைவிட முக்கியம், தண்ணீர் பட்டால் பல ஜெல் மைகள் கரையும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை தாண்டி வந்தபோது ஜங்ஷன் பக்கம் தரைத்தளக் கடைகளில் தண்ணீர் ஏறியது எல்லோருக்கும் நினைவிருக்கும். பால்பாயின்ட் பேனாவில் எழுதியது நனைந்து காய்ந்தாலும் ஓரளவு படிக்க வரும். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் வாரத்தில் பாக்கி ஏற்றி முடித்ததும் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து வைப்பதற்கு அரை மணி நேரம் ஆகாது. நோட்டைக் கீழ் அலமாரியில் வைக்க வேண்டாம்.

வாங்கும்போது கடையிலேயே இரண்டைப் பார்த்துவிடுங்கள். பக்க எண் அச்சிட்டிருக்கிறதா? இல்லாத நோட்டில் ஒரு தாளைக் கிழித்தால் தெரியாது. ஓர் ஆளின் பக்கத்தில் எத்தனை வரி இருக்கிறது? ஆண்டுக்கு ஒரு வரி எழுதினால் பல வருஷம் ஓடும், மாதத்துக்கு ஒரு வரி எழுதினால் இரண்டு வருஷத்தில் நிரம்பும். நிரம்பி அடுத்த நோட்டுக்குப் போகும்போது பழைய நோட்டின் பக்க எண்ணைப் புதிய பக்கத்தின் தலைப்பில் எழுதுங்கள். பழையதை எடைக்குப் போட்டுவிட வேண்டாம், மறுத்த லீவு அந்த நோட்டில்தான் எழுதிக் கிடக்கும்.